கேட்டலும் கீழ்ப்படிதலும்: ஆபிரகாமின் பலி குறித்த கிறித்துவ வாசிப்புகள் – ஒரு மதிப்பீடு

இறைவனின் கட்டளையும் மனிதனின் அறத்தீர்ப்பும் ஒன்றோடொன்று முரணும்போது எதற்கு முதலிடம் தருவது என்பது கிறித்துவ இறையியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் சிக்கல்களுள் ஒன்றாகும். இச்சிக்கலைப் பேசுவோர் அனைவரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் விவிலியத்தின் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்திற்கு வந்து சேர்கின்றனர். முதுமையில் பெற்ற மகன் ஈசாக்கை மோரியா நாட்டு மலையொன்றில் பலியிடுமாறு ஆபிரகாமுக்குக் கட்டளை பிறக்கிறது. அவர் அதிகாலையில் எழுந்து புறப்படுகிறார். மூன்றாம் நாள் மலையை அடைந்து, பீடம் கட்டி, மகனைக் கட்டிக் கிடத்திக் கத்தியை எடுக்கும் நேரத்தில் வானிலிருந்து தூதர் தடுக்கிறார். புதரில் சிக்கியிருந்த ஆட்டுக்கடா மகனுக்கு மாற்றாகப் பலியாகிறது. பத்தொன்பது வசனங்களில் முடிந்துவிடும் இக்கதை, கிறித்துவ உலகில் கீழ்ப்படிதலுக்குரிய தலையாய எடுத்துக்காட்டாக ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றப்பட்டு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒப்பிலக்கிய வகுப்பொன்றில் இப்பகுதியைப் பாடமாக வைத்திருந்தோம். கிறித்துவக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர், தாம் சிறுவயது முதல் இக்கதையைக் கேட்டு வளர்ந்தவர் என்றும், அன்றுதான் தமக்கு ஓர் ஐயம் எழுந்தது என்றும் கூறினார். சோதோம் நகரத்திற்காக இறைவனிடம் அத்தனை வாதாடிய மனிதர், தம் சொந்த மகனுக்காக ஒரு வார்த்தையும் கேட்கவில்லையே, ஏன்? அவ்வினாவுக்கு அன்று நாம் தந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே பிறந்தது. ஆபிரகாம் செய்தது சரியா, தவறா என்று தீர்ப்பு வழங்குவது இதன் நோக்கமன்று. கிறித்துவச் சிந்தனையாளர்கள் இக்கதையை எவ்வாறு வாசித்தனர், அவ்வாசிப்புகளில் எவை நிற்கக்கூடியன, எவை நில்லாதன என்பதையே ஈண்டு நாம் நோக்க முற்படுகிறோம்.

கேட்டல் என்னும் சொல்

மாணவியின் வினாவில் அமைந்த ‘கேட்கவில்லை’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் ‘கேள்’ என்னும் வினை மூன்று பொருள்களைத் தாங்கி நிற்கிறது. செவியால் உணர்தல் ஒன்று. சொன்னபடி நடத்தல் மற்றொன்று. வினவுதல், வேண்டுதல் மூன்றாவது. ‘பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறான்’ என்றால் பணிகிறான் என்பது பொருள். ‘பிள்ளை ஏன் என்று கேட்கிறான்’ என்றால் பணிய மறுக்கக்கூடும் என்பது குறிப்பு. திருக்குறளில் ‘கேள்வி’ என்பது செவிவழிக் கல்வியைக் குறிக்கும் அதிகாரத் தலைப்பாகும். இன்றைய வழக்கிலோ அது வினாவையே பெரிதும் குறிக்கிறது. பணிவும் வினாவும் ஒரே சொல்லுக்குள் தங்கியிருப்பது தமிழ் வாசகனுக்குக் கிடைத்த வாய்ப்பு எனலாம்.

எபிரேய மூலத்திலும் இதனையொத்த நிலை ஓரளவு காணப்படுகிறது. கதையின் இறுதியில் ஆபிரகாமைப் பாராட்டும் இடத்தில் மூலம் பயன்படுத்துவது ‘குரலைக் கேட்டல்’ என்னும் தொடராகும். கேட்டல் என்பதே அங்குப் பணிதலையும் உணர்த்துகிறது. இலத்தீனில் பணிதலைக் குறிக்கும் சொல்லும் செவிமடுத்தல் என்னும் வேரிலிருந்து வந்ததே. ஆனால் பவர் ஐயர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த தமிழ்ப் பதிப்பு, இவ்விடத்தில் ‘கீழ்ப்படிதல்’ என்னும் சொல்லைக் கையாள்கிறது. மேல், கீழ் என்னும் இடவேறுபாட்டையும் படிநிலையையும் உணர்த்தும் சொல் அது. செவியும் குரலும் அச்சொல்லில் இல்லை. மொழிபெயர்ப்பு பிழையானது என்று நாம் கூறவில்லை. தொடரின் பொருள் அதுவே. எனினும், குரல் ஒன்று ஒலித்தது, அதனை ஒருவர் செவியுற்றார், இன்னாருடைய குரல் என்று அறிந்துகொண்டார், அதன்பின் செயற்பட்டார் என்னும் படிகள் ‘கீழ்ப்படிதல்’ என்ற சொல்லில் மறைந்துபோகின்றன. மறைந்துபோன அப்படிகளில்தான் நம் சிக்கலின் முடிச்சு இருக்கிறது.

இன்னொரு சொல்லும் கருதத்தக்கது. கதையில் ஆபிரகாம் மூன்று முறை அழைக்கப்படுகிறார்: முதலில் இறைவனால், இடையில் ஈசாக்கால், இறுதியில் தூதரால். மூன்று இடத்திலும் எபிரேயத்தில் அவர் தரும் விடை ஒரே சொல்தான். ‘இதோ இருக்கிறேன்’ என்பது அதன் பொருள். தமிழ்ப் பதிப்பில் இறைவனுக்கும் தூதருக்கும் தரும் விடையில் ‘அடியேன்’ என்னும் சொல் வருகிறது. மகனுக்குத் தரும் விடையில் அது வரவில்லை. தந்தை மகனிடம் தன்னை அடியேன் என்று கூறிக்கொள்வது தமிழ் மரபன்று. ஆகவே மொழிபெயர்ப்பாளருக்கு வேறு வழியில்லை. ஆனால் மூலத்தில், இறைவனுக்கு முன் எவ்வாறு நின்றாரோ அவ்வாறே மகனுக்கு முன்னும் அவர் நிற்கிறார். இரு பக்கத்து அழைப்புக்கும் ஒரே விடை. இந்தச் சமநிலை, பக்தி மரபின் சொல்லொன்று உள்ளே வந்ததும் குலைந்து, இறைவன் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

மாணவி சுட்டிய முரணுக்கு வருவோம். ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் சோதோம் அழிக்கப்படவிருப்பதை அறிந்த ஆபிரகாம், நல்லோரையும் தீயோரையும் ஒருங்கே அழிப்பது முறையாகுமா என்று இறைவனிடமே வினவுகிறார். ஐம்பது நல்லோரில் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிப் பத்தில் வந்து நிறுத்துகிறார். உலகுக்கெல்லாம் நீதிபதியாக இருப்பவர் நீதி தவறலாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம். ஈண்டு மனிதனின் அறவுணர்வு இறைவனை அளக்கும் கோலாகிறது. இறைவனும் சினம் கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் இசைகிறார். நான்கு அதிகாரங்கள் தள்ளி, அதே மனிதர் வாய் திறவாமல் கழுதைக்குச் சேணம் பூட்டுகிறார். விவிலியம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் திருத்தவில்லை. கிறித்துவ மறையுரைகளில் 22ஆம் அதிகாரம் கீழ்ப்படிதலுக்கும், 18ஆம் அதிகாரம் பரிந்துரை மன்றாட்டுக்கும் எடுத்துக்காட்டாகத் தனித்தனியே பேசப்படுவதையே நாம் பெரிதும் கேட்டிருக்கிறோம். இரண்டையும் ஒருசேர வைத்துப் பேசிய மறையுரையை இதுவரை நாம் கேட்டதில்லை.

நிழலாகவும் விதிவிலக்காகவும்

தொடக்கக் காலக் கிறித்துவம் இக்கதையின் அறச்சிக்கலை இருவழிகளில் எதிர்கொண்டது. முதலாவது வழி, கதையை வரவிருக்கும் ஒன்றின் நிழலாகக் காண்பது. விறகு சுமந்து மலையேறும் ஈசாக்கு, சிலுவை சுமந்து செல்லும் இயேசுவின் முன்னுருவாகிறார். மகனைத் தர முன்வந்த ஆபிரகாம், தந்தையாம் கடவுளின் சாயலாகிறார். சர்தை நகர் மெலித்தோ, ஒரிஜன் முதலியோர் இவ்வாசிப்பை வளர்த்தனர். இலக்கிய நோக்கில் இது அழகிய வாசிப்பே. ஆயினும், உருவகமாக மாறிய கணத்தில் ஈசாக்கு அஞ்சக்கூடிய சிறுவனாக இல்லாமற் போகிறார். உருவகத்தின் கழுத்தில் கத்தி வைப்பது யாருக்கும் அறச்சிக்கலாகத் தோன்றாது.

எபிரெயர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம் இதற்கு முன்னரே வேறொன்றைச் செய்திருக்கிறது. இறந்தோரையும் எழுப்ப வல்லவர் இறைவன் என்று ஆபிரகாம் எண்ணிப்பார்த்தார் என அது கூறுகிறது. அங்குப் பயன்படும் கிரேக்கச் சொல், கணக்கிட்டு முடிவுக்கு வருதலைக் குறிப்பதாகும். ஆதியாகமத்தில் ஆபிரகாமின் உள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் தலைமுறைக் கிறித்துவ ஆசிரியரோ, எண்ணாமல் பணிந்த மனிதரை ஏற்க இயலாமல், அவருக்குள் ஓர் எண்ணத்தை வைக்கிறார். கண்மூடிய கீழ்ப்படிதலைப் போற்றும் போதகர்கள் இவ்வதிகாரத்தையே மேற்கோளாகக் காட்டுவது வியப்புக்குரியது.

இரண்டாவது வழி விதிவிலக்கு. அகஸ்தீன் ‘இறைவனின் நகர்’ நூலின் முதற்பகுதியில், கொலை செய்யாதே என்னும் கட்டளைக்கு இறைவனே விதிவிலக்கு அளிக்கலாம் என்று கூறி, ஆபிரகாமை அதற்குச் சான்றாக்குகிறார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனை மேலும் நுட்பமாக்கினார். உயிருக்கும் இறப்புக்கும் உடையவர் இறைவனாதலின், அவர் ஆணையால் உயிரை எடுப்பது கொலையே ஆகாது என்பது அவர் வாதம். அறச்சட்டம் மீறப்படவில்லை, அச்செயல் அச்சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை என்கிறார். சட்ட நுணுக்கமாக இது வலுவுடையதே. ஆனால், ஆணையிட்டவர் இறைவன்தான் என்பது ஐயமின்றித் தெரிந்துவிட்டது என்ற எடுகோளின் மேல் இவ்வாதம் முழுவதும் நிற்கிறது. கதையின் முதல் வசனத்தைப் படித்துவிட்ட வாசகனுக்கு அது தெரியும். மலையடிவாரத்தில் நிற்பவருக்கு?

இதே அக்குவினாஸ், தம் நூலின் பிறிதோர் இடத்தில் தவறும் மனச்சான்றைப் பற்றி எழுதும்போது நம்மைத் திகைக்க வைக்கிறார். ஒருவனின் அறிவு ஒன்றைத் தீமை என்று தவறாகவே காட்டினாலும், அவன் அதற்கு எதிராகச் செயற்படுவது குற்றமாகும் என்கிறார். கிறித்துவின் மேல் நம்பிக்கை கொள்வதே தீது என்று ஒருவன் அறிவு காட்டுமாயின், அந்நிலையில் அவன் நம்புவது தீதாகும் என்பது வரை அவர் செல்கிறார். அதே வேளை, தவறான மனச்சான்றைப் பின்பற்றியவன் அக்காரணத்தால் எப்போதும் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை என்றும் அடுத்த வினாவிலேயே எச்சரிக்கிறார். மனச்சான்றைக் கடந்து இறைவனை அடையும் குறுக்குவழி இல்லை. மனச்சான்று தவறாதது என்னும் உறுதியும் இல்லை. கீழ்ப்படிதலைப் பற்றிய கிறித்துவச் சிந்தனையில் இதைவிட நேர்மையான பக்கங்கள் குறைவு என்பது நம் கருத்து.

மலையடிவாரத்து ஐயத்தைக் கூர்மையாக எழுப்பியவர் இம்மானுவேல் காண்ட். 1798இல் வெளிவந்த ‘துறைகளின் பூசல்’ நூலின் அடிக்குறிப்பொன்றில், ஆபிரகாம் அக்குரலுக்கு என்ன விடை தந்திருக்க வேண்டும் என்பதை அவரே எழுதிக்காட்டுகிறார். நல்ல மகனைக் கொல்லலாகாது என்பது உறுதியாகத் தெரியும். பேசுவது இறைவன்தான் என்பது உறுதியில்லை. வானிலிருந்து ஒலித்தாலும் உறுதியாகாது என்பதே அவ்விடையின் கருத்து. இவ்வாதத்தை வெல்வது அரிது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ஏற்கெனவே அறிந்த அறத்தோடு ஒத்துப்போவதை மட்டுமே இறைவன் கூறலாம் என்றால், மனிதன் அறியாத எதனையும் அவர் ஒருபோதும் கூற இயலாது. நம்பிக்கையாளர் ஒருவர் காண்டிடம் தயங்குவது இவ்விடத்தில்தான். அத்தயக்கம் மூடத்தனம் அன்று.

கியர்கேகார்டின் ஈசாக்கு

இத்தயக்கத்தின் மாபெரும் இலக்கியம் சோரன் கியர்கேகார்டின் ‘அச்சமும் நடுக்கமும்’ ஆகும். 1843 அக்டோபரில் கோபன்ஹேகனில், யோகன்னஸ் தெ சிலென்சியோ என்னும் புனைபெயரில் வெளிவந்தது. மௌனத்தின் யோகான் என்பது அப்பெயரின் பொருள். ரெகினே ஓல்சனுடன் நிச்சயிக்கப்பட்ட திருமணத்தை அவர் 1841இல் முறித்துக்கொண்டதன் நிழல் இந்நூலில் படிந்திருப்பதைப் பலரும் சுட்டியுள்ளனர். அதனைப் பெரிதுபடுத்த நாம் விரும்பவில்லை. நூல் தன் காலில் நிற்கக்கூடியது.

இந்நூலின் முதற்பெருமை, மலிவான மறையுரையை அது தோலுரித்துக் காட்டுவது. போதகர் ஒருவர் ஞாயிறன்று ஆபிரகாமை வானளாவப் புகழ்கிறார். அதனைக் கேட்ட ஒருவன் வீடு சென்று அவ்வாறே செய்ய முனைகிறான். செய்தியறிந்த போதகர் விரைந்து சென்று அவனைக் கொடியவன் என்று கடிந்துகொள்கிறார். ஒரே செயலை மேடையில் புனிதம் என்றும் வீட்டில் பாதகம் என்றும் கூறிய முரண் அவருக்கு உறைப்பதேயில்லை. நாமும் தமிழ்ச் சபையொன்றில் இக்கதையைப் பொருளாகக் கொண்ட மறையுரையைக் கேட்டதுண்டு. நமக்குரிய ‘ஈசாக்கு’ எது, வேலையா, வீடா, சேமிப்பா என்று சிந்திக்குமாறு கூறி அது முடிந்தது. மகன் சேமிப்பாக மாறியதும் நடுக்கம் நீங்கிவிடுகிறது. கியர்கேகார்ட் எதிர்த்தது இத்தகைய வாசிப்பையே.

அவர் எழுப்பும் வினா, உயர்ந்ததோர் இலக்கின் பொருட்டு அறம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படலாமா என்பதாகும். மகளைப் பலியிட்ட கிரேக்க மன்னன் அகமெம்னான், நேர்ச்சையால் மகளை இழந்த யெப்தா ஆகியோர் துயர நாயகர்கள். நாட்டின் பொருட்டோ வாக்கின் பொருட்டோ அவர்கள் செய்ததைச் சமூகம் புரிந்துகொள்ளும், அவர்களோடு சேர்ந்து அழும். ஆபிரகாமுக்கு அந்த ஆறுதல் இல்லை. அவர் செயலால் எந்த நாடும் காப்பாற்றப்படவில்லை. யாருக்கும் அவரால் விளக்க இயலாது. ஆகவே, அவர் கொலைகாரர் அல்லது நம்பிக்கையின் தந்தை. இரண்டுக்கும் நடுவில் இடமில்லை என்பது நூலின் வாதம்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கப்பட வேண்டும். கியர்கேகார்ட் ‘அறம்’ என்று குறிப்பிடும்போது, ஹெகலின் வழியில், ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட பொதுநெறியையே பெரிதும் கருதுகிறார். ஊரும் நாடும் சரி என்று ஏற்பதே அந்த அறம். அதனைத் தனிமனிதன் இறைவனுக்கு முன் கடந்து நிற்கலாம் என்பதே அவர் கூற்று. அப்படியானால், கடக்கப்படுவது தனிமனிதனின் அறத்தீர்ப்பு அன்று, சமூகத்தின் தீர்ப்பே. இந்நூலைக் காட்டி, சொந்த மனச்சான்றை அடக்கிப் பணியுமாறு கூறுவோர் அதனைத் தலைகீழாகப் படிக்கின்றனர் என்றே நாம் கருதுகிறோம்.

எனினும், நூலில் ஒரு பெருங்குறையும் உண்டு. தொடக்கப் பகுதியில் கியர்கேகார்ட் இக்கதையை நான்கு விதமாகக் கற்பனை செய்து பார்க்கிறார். ஒன்றில், மகன் இறைவன்மேல் நம்பிக்கை இழக்கலாகாது என்பதற்காக ஆபிரகாம் தம்மையே கொடியவராகக் காட்டிக்கொள்கிறார். நான்காவதில், கத்தியை எடுக்கையில் தந்தையின் கை நம்பிக்கையிழப்பில் இறுகுவதை ஈசாக்கு கண்டுவிடுகிறான். உயிரோடு வீடு திரும்புகிறான், நம்பிக்கையை இழந்தவனாக. அதனை அவன் யாரிடமும் கூறவேயில்லை. நூலின் மிக வலிய பக்கம் அதுவென்போம். ஆனால் வாதங்கள் தொடங்கியதும் இந்த ஈசாக்கு மறைந்துபோகிறான். அதன்பின் அவன் ஆபிரகாமின் துயரத்துக்குரிய பொருளே தவிர, துயருறும் ஆள் அல்லன். சாராளிடமும் ஈசாக்கிடமும் மறைத்தது தகுமா என்று மூன்றாம் பகுதி விரிவாகக் கேட்கிறது. ஆனால் அங்கும் ஆராயப்படுவது ஆபிரகாமின் மௌனம்; மறைக்கப்பட்டவர்களின் உரிமை அன்று. யாருடைய உயிரால் இந்த நம்பிக்கை சோதிக்கப்படுகிறது என்ற வினாவை, நான்கு பக்கங்களில் கண்டவர் நூறு பக்கங்களில் மறந்துவிடுகிறார்.

இருபதாம் நூற்றாண்டில் யூதச் சிந்தனையாளர்களே இதனை எடுத்துரைத்தனர். மோலேகு என்னும் பிள்ளைப்பலித் தெய்வமும் இறைவனின் குரலைப் போலி செய்யும் என்று மார்ட்டின் பூபர் எச்சரித்தார். கத்தியைத் தடுத்த இரண்டாம் குரலையும் கேட்கும் செவி ஆபிரகாமுக்கு இருந்தது என்பதே கதையின் உச்சம் என்றார் இம்மானுவேல் லெவினாஸ். அவ்விரு குரல்களுக்கும் மூலத்தில் வெவ்வேறு இறைப்பெயர்கள் அமைந்துள்ளன. தமிழ்ப் பதிப்பும் சோதித்தவரைத் தேவன் என்றும், தடுத்த தூதரைக் கர்த்தருடைய தூதர் என்றும் வேறுபடுத்தி நிற்பது குறிப்பிடத்தக்கது.

சிறுத்தொண்டரோடு ஒரு சிறு ஒப்பீடு

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் நினைவுக்கு வராமல் இரார். டேவிட் சுல்மன் 1993இல் வெளியிட்ட நூலில் இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்துள்ளார். ஒப்புமைகள் வெளிப்படையானவை, நமக்கு வேற்றுமைகளே முதன்மையாகின்றன. பைரவ வேடத்தில் வந்த அடியவர், இன்னாரைக் கொல் என்று ஆணையிடவில்லை. தமக்கு வேண்டும் உணவின் தன்மையைக் கூறுகிறார். அடியவரை அமுது செய்விக்காமல் உண்ணாத நோன்புடைய சிறுத்தொண்டரே தம் மகன் சீராளனைத் தேர்கிறார். அம்முடிவைத் திருவெண்காட்டு நங்கையாரிடம் கூறுகிறார். தாயும் உடன்படுகிறார், உடன் நின்று செய்கிறார். ஆபிரகாமோ சாராளிடம் கூறியதாக விவிலியத்தில் இல்லை. மேலும், அறச்சட்டத்தை அருளியவரே அச்சட்டத்திற்கு மாறாக ஆணையிடுகிறார் என்னும் கிறித்துவச் சிக்கல் சேக்கிழாரிடம் அவ்வடிவில் எழவில்லை. அங்கு நிகழ்வது அன்பின் எல்லையைப் பற்றிய சோதனை. ஆணைக்கும் அறத்துக்குமான வழக்கு அன்று. சீராளனின் பக்கத்திலிருந்து கேட்கப்பட வேண்டிய வினா மட்டும் இரு கதைகளிலும் ஒன்றே. அதனை வேறோர் கட்டுரைக்கு ஒதுக்குகிறோம்.

1943: ஓர் உழவரின் வழக்கு

கருத்துகளின் வலிமை வாழ்வில்தான் சோதிக்கப்படும். மேல் ஆஸ்திரியாவின் புனித ராடெகுண்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த உழவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் 1907இல் பிறந்தவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைப்பதற்கான வாக்கெடுப்பில் அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. 1943 மார்ச்சில் மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டபோது, ஹிட்லரின் போரில் போரிட மறுத்தார். மருத்துவப் பணியாளராகப் பணியாற்ற முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை. 1943 ஆகஸ்டு 9ஆம் நாள் பிராண்டன்பர்க்கில் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

கைதாவதற்கு முன் அவர் லின்ஸ் மறைமாவட்ட ஆயரைச் சந்தித்து ஆலோசனை கேட்டிருந்தார். போர் நேரியதா என்று தீர்மானிப்பது தனிக் குடிமகனின் பொறுப்பன்று, குடும்பத்தை எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரை. ஊராரும் அவ்வாறே கூறினர். உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் ஆட்சியாளருக்குப் பணியக் கூறுகிறதே என்ற வாதமும் அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. அவர் மறுத்ததற்குக் காரணம் தம் சொந்த விருப்பம் என்று அவர் ஒருபோதும் கூறவில்லை. இறைவனுக்குக் கீழ்ப்படிவதாகவே கூறினார்.

நம் வினாவின் அமைப்பே இவ்வழக்கில் உடைந்துபோகிறது. இறைவனுக்குக் கீழ்ப்படிதலா, தனிமனித அறத்தீர்ப்பா என்று கேட்டால், யேகர்ஷ்டெட்டர் எந்தப் பக்கம்? இரண்டும் அவரிடம் ஒரே பக்கத்தில் நின்றன. எதிர்ப்பக்கத்தில் நின்றவை ஊர், நாடு, ஆட்சி, திருச்சபையின் அறிவுரை. கியர்கேகார்டின் சொற்களில் கூறின், பொதுநெறி என்னும் அறத்தை அவர் இறைவனுக்கு முன் கடந்து சென்றார். காண்டின் சொற்களில் கூறினாலும், உறுதியாகத் தெரிந்த அறத்தை உறுதியற்ற அதிகாரக் குரலுக்காக விட்டுக்கொடுக்க மறுத்தார். பகைவர்களாகக் கருதப்படும் இரு மெய்யியலாளர்களும் இவ்வுழவரிடம் சந்திக்கின்றனர்.

அவர் அடைக்கப்பட்டிருந்த பெர்லின் தேகெல் சிறையில் அதே மாதங்களில் லூத்தரன் இறையியலாளர் தீத்ரிக் போன்ஹோஃபரும் இருந்தார். 1937இல் எளிய, பிளவுபடாத கீழ்ப்படிதலைப் போற்றி நூல் எழுதியவர் அவர். 1942இன் இறுதியில், ஹிட்லர் ஆட்சியின் பத்தாண்டு அனுபவத்தை நண்பர்களுக்காக எழுதுகையில், ஜெர்மானியர் கீழ்ப்படிதலின் வலிமையை நன்கு கற்றிருந்தனர், ஆனால் பணிக்கும் கட்டளைக்கும் எதிராகத் தம் பொறுப்பில் செயற்பட வேண்டிய தேவையை அறியவில்லை என்னும் கருத்தை வெளியிட்டார். தம் முந்தைய நூலை அவர் கைவிடவில்லை என்பது நம் கணிப்பு. கீழ்ப்படிதல் என்னும் சொல்லுக்குள் மறைந்திருந்த கேட்டலை அவர் காலம் அவருக்குக் காட்டியது.

ஆயின், தம் மனச்சான்றைப் பின்பற்றினேன், அதுவே இறைவனின் குரல் என்று கூறும் எவரையும் நாம் ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லை. பிள்ளைக்கு மருத்துவம் மறுத்த பெற்றோரும், மாற்றுச் சமயத்தாரைக் கொன்றோரும் அவ்வாறே கூறியதுண்டு. ஈண்டு மோரியா மலையின் மற்றொரு பாதியை நினைவுகொள்ள வேண்டும். ஆபிரகாம் பீடத்தில் கிடத்தியது பிறிதோர் உயிரை. யேகர்ஷ்டெட்டர் கிடத்தியது தம் உயிரை. அதுவும், பிறர் உயிரை எடுக்க மறுத்து. கீழ்ப்படிதலின் விலையை யார் தருகிறார் என்னும் வினாவைக் கேட்டுப்பார்த்தால், பல வழக்குகளில் குரலின் அடையாளம் தெளிந்துவிடும். எல்லா வழக்குகளிலும் தெளியும் என்று நாம் கூற மாட்டோம். யேகர்ஷ்டெட்டருக்கு மணவாழ்வில் பிறந்த மூன்று பெண் குழந்தைகள் இருந்தனர். மூத்தவளுக்கும் பத்து வயது நிரம்பவில்லை. தந்தையின் மனச்சான்றுக்கு அவர்களும் விலை தந்தனர். ஆயர் குடும்பத்தை நினைவூட்டியது வெறும் கோழைத்தனம் அன்று. அவ்வாதத்தில் உண்மை இருந்தது. அது போதுமானதாக இருக்கவில்லை. போர் முடிந்தபின், 1946இல், யேகர்ஷ்டெட்டரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட அதே ஆயர் இசையவில்லை என்பதை, அமெரிக்கச் சமூகவியலாளர் கார்டன் சான் 1964இல் வெளியிட்ட நூல் எடுத்துரைக்கிறது. திருச்சபை தன் முடிவை மாற்றிக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 2007 அக்டோபர் 26ஆம் நாள், அதே லின்ஸ் நகரில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

அவ்விழாவில் அவர் மனைவி ஃபிரான்சிஸ்கா, தொண்ணூறு வயதைக் கடந்தவராக, கலந்துகொண்டார். கணவரின் முடிவை முதலில் மாற்ற முயன்று, பின்னர் அவரோடு நின்றவர் அவர். தாமும் எதிர்த்திருந்தால் கணவருக்கு யாருமே இருந்திருக்க மாட்டார்கள் என்னும் கருத்துப்பட அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். சிறைக்கும் வீட்டுக்கும் இடையே அவர்கள் எழுதிக்கொண்ட மடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவர் கேட்டார், வினவினார், வாதிட்டார், அறிந்தார். மோரியாவுக்குச் சென்ற மூன்று நாள் பயணத்தைப் பற்றிச் சாராளுக்கு யாரும் எதுவும் கூறியதாக ஆதியாகமத்தில் இல்லை. கதையின் இறுதியில் ஆபிரகாம் வேலையாட்களிடம் திரும்புகிறார். ஈசாக்கு உடன் வந்ததாகக் கூறப்படவில்லை. அதன்பின் இறைவன் ஆபிரகாமோடு நேரே பேசும் இடம் எதுவும் ஆதியாகமத்தில் வரவில்லை. அடுத்த அதிகாரம் சாராளின் இறப்போடு தொடங்குகிறது.